கட்டைவிரல் அளவு

சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் தட்டைக் கழுவிவிட்டு வந்துவிடுங்கள். விஷயம் அந்த மாதிரி. மலம். எங்கள் வீட்டுப் பாஷையில் 'ரெண்டுக்கு'. அதை ஒரு டப்பாவில் போட்டு, ஐஸ் வைத்து, ரயிலேற்றி அனுப்பிய கதை இது. கூடவே அந்த டப்பா வந்த வழியும்.

போன வாரம் பழைய ஃபைல்களைக் கழித்துக்கொண்டிருந்தேன். பாங்க் உத்தியோகத்தில் ஏழு ஊர் மாறியவன் வீட்டில் எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போட முடியாது. எப்போது எவன் எதைக் கேட்பானோ! பையனுடைய டிசிக்கும் காஸ் கனெக்ஷன் மாற்றிய ரசீதுக்கும் நடுவில் ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு கிடைத்தது. மொராதாபாத், செப்டம்பர் 2006. மூலையில் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு எண். முதலில் நாடு, அப்புறம் மாநிலம், மாவட்டம், வருஷம், கடைசியில் மூன்று இலக்கம். பையனுக்கு அரசாங்கம் கொடுத்த முதல் அடையாள எண் அதுதான். ஆதாரெல்லாம் அப்புறம் வந்தது.

அப்போது அவனுக்கு நாலு வயது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்தவன் கட்டிலை விட்டு இறங்கினான், தொப்பென்று உட்கார்ந்தான். விளையாடுகிறான் என்று நினைத்தோம. தூக்கி நிறுத்தினால் துணிபோலத் துவண்டு விழுந்தான். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. பத்து நாள் முன்னால் வயிற்றுப்போக்கு வந்து சரியாகியிருந்தது, அவ்வளவுதான். தெருமுனை டாக்டர் 'கம்சோரி' என்று டானிக் எழுதிக் கொடுத்தார். பலவீனமாம். நாலைந்து நாள் அந்த டானிக்கில் போயிற்று. வெள்ளிக்கிழமை இன்னொரு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்த டாக்டரம்மா சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் அசையவில்லை. உடனே படுக்கையில் சேர்த்துக்கொண்டு யாருக்கோ போன் செய்தார்.

மறுநாள் சுகாதாரத் துறையிலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், தோளில் நீலநிறப் பெட்டி. குழந்தையின் பெயர், என்றைக்குக் கால் விழுந்தது, எத்தனை தடவை சொட்டு மருந்து என்று கேட்டு எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும், "மேனேஜர் சாஹப், குழந்தையோட மலம் வேணும். ரெண்டு தடவை" என்றார்.

தங்கமணிக்கு வந்ததே கோபம். "கால் வரலைன்னு சேர்த்திருக்கோம். காலைப் பாக்காம இவரு எதைக் கேக்கறாரு பாருங்க!"

எனக்கும் அதே கேள்விதான். ஆனால் அதைவிடப் பெரிதாக இன்னொன்று உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. அம்மா கும்பகோணத்திலிருந்து போனில், "தம்பி, இளம்பிள்ளை வாதமாடா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அழ ஆரம்பித்துவிட்டாள். ஒன்றும் விடாமல் சொட்டு மருந்து போட்டிருந்தோம். ஆனால் நாங்கள் இருந்தது மொராதாபாத். 2006இல் இந்தியாவில் 676 போலியோ கேஸ். அதில் பெரும்பகுதி உத்தரப் பிரதேசம், அதிலும் எங்கள் மேற்குப் பக்கத்து மாவட்டங்கள். தமிழ்நாட்டில் 2004க்குப் பிறகு ஒரு கேஸ்கூட இல்லை. ஊரில் மறந்தே போய்விட்ட வியாதி நடுவில் மாற்றலாகி வந்து உட்கார்ந்திருக்கிறோமே என்று ராத்திரி முழுக்க வராந்தாவில் நடந்தேன்.

காலுக்கு வந்த வியாதிக்கு மலத்தை ஏன் கேட்கிறார்கள்? இந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைக்க டாக்டர்களுக்கே முப்பது வருஷம் பிடித்திருக்கிறது என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன்.

போலியோ ஒரு வைரஸால் வருவது என்று 1908இல் வியன்னாவில் லாண்ட்ஸ்டெய்னரும் பாப்பரும் குரங்குகளை வைத்துக் காட்டினார்கள். அது உடம்புக்குள் எந்த வழியாகப் போகிறது என்பதில்தான் சண்டை. 1912 வாக்கில் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் குடலிலும் வைரஸ் இருக்கிறது என்றார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நியூயார்க் ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் சைமன் ஃப்ளெக்ஸ்னர் 'மூக்கு வழி' என்று சொல்லிவிட்டார், பெரிய மனிதர், எதிர்ப்பேச்சு எடுபடவில்லை. அவர் பரிசோதனை செய்தது ரீசஸ் குரங்கில். நம் வட இந்தியக் கோயில் வாசல்களில் பழத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடுமே, அதேதான். அந்தக் குரங்குக்கு வாய் வழியாகக் கொடுத்தால் வியாதி எளிதில் ஒட்டாது, மூக்கு வழியாகக் கொடுத்தால் ஒட்டும். போதாததற்கு அவர் ஆய்வகத்து வைரஸ் குரங்கு மூளையிலேயே திரும்பத் திரும்ப வளர்க்கப்பட்டு, நரம்பைத் தவிர வேறெதையும் தொடாததாக மாறியிருந்தது. குரங்குக்குப் பொருந்தியதை மனிதனுக்கும் பொருத்திவிட்டார்கள்.

இதன் விலையைக் குழந்தைகள் கொடுத்தார்கள். 1937இல் கனடாவின் டொரண்டோவில் போலியோ பரவியபோது, மூக்கை அடைத்தால் நோயை அடைக்கலாம் என்று ஆயிரக்கணக்கான குழந்தைகளின் மூக்கில் துத்தநாக சல்பேட் கரைசலைப் பீய்ச்சினார்கள். போலியோ நிற்கவில்லை. சில குழந்தைகளுக்கு வாசனை தெரிவது மட்டும் நிரந்தரமாகப் போயிற்று.

அடுத்த வருஷம், 1938இல், யேல் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் டிராஸ்க், ஜான் பால் குழுவினர் நோயாளிகளின் மலத்தைச் சேகரித்துப் பார்த்தார்கள். வைரஸ் இருந்தது. லேசான காய்ச்சலோடு தப்பித்த குழந்தைகளின் மலத்திலும் இருந்தது. பிறகு சாக்கடைத் தண்ணீரிலும் கண்டுபிடித்தார்கள். 1941இல் ஆல்பர்ட் சாபினும் ராபர்ட் வார்டும் இறந்தவர்களின் உடல்களைச் சோதித்து, வைரஸ் இருப்பது உணவுப் பாதையில், மூக்கில் அல்ல என்று காட்டினார்கள். வாய் வழியே போய், குடலில் பெருகி, மலத்தில் வெளியேறி, அழுக்குத் தண்ணீரிலும் கையிலும் ஒட்டி, அடுத்த வாய்க்குப் போகிறது. சுமார் 200 பேரைத் தொற்றினால் ஒருவருக்குத்தான் கால் விழுகிறது. மிச்சப் பேர் ஓடியாடிக்கொண்டே வைரஸை வெளியேற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆக, நோய் தெரிவது காலில், சாட்சி கிடைப்பது மலத்தில். தங்கமணியின் கேள்விக்குப் பதில் அதுதான்.

அந்தக் காலத்தில் ஒரு மலமாதிரியைச் சோதிக்க ஒரு குரங்கு வேண்டும். அதற்கு ஊசி போட்டுவிட்டு, வாதம் வருகிறதா என்று வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1949இல் எண்டர்ஸ், வெல்லர், ராபின்ஸ் மூவரும் நரம்பல்லாத திசுக்களிலும் இந்த வைரஸை வளர்க்கலாம் என்று காட்டினார்கள். 1954இல் நோபல் பரிசு வந்தது. குரங்கின் வேலையைக் கண்ணாடிக் குழாய் எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான் ஆயிரக்கணக்கில் டப்பா வாங்கிச் சோதிக்கலாம் என்ற நினைப்புக்கே இடம் வந்தது.

நம் நாட்டில் அந்த நினைப்பு நடைமுறைக்கு வந்தது 1997இல். பல்ஸ் போலியோ 1995இலேயே தொடங்கிவிட்டது. (இதை 1980களிலேயே வேலூரில் செய்துகாட்டியவர் சி.எம்.சி.யின் டாக்டர் ஜேக்கப் ஜான். நம் ஊர்ப் பெருமையை நாம் சொல்லாவிட்டால் யார் சொல்வது?) ஆனால் சொட்டு மருந்து வேலை செய்கிறதா, வைரஸ் எந்த ஊரில் ஒளிந்திருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்காக உலக சுகாதார நிறுவனமும் இந்திய அரசும் சேர்ந்து தேசிய போலியோ கண்காணிப்புத் திட்டத்தை ஆரம்பித்தன. விதி ஒன்றுதான். 15 வயதுக்குள் எந்தக் குழந்தைக்குத் திடீரென்று கையோ காலோ துவண்டாலும், காரணம் எதுவானாலும், மலம் எடு.

காரணம் எதுவானாலும் என்பதுதான் முக்கியம். எங்கள் டாக்டரம்மா முதல் நாளே, "இது கில்லன் பாரே மாதிரி இருக்கு, போலியோ இல்லைன்னுதான் நினைக்கிறேன்" என்றார். வயிற்றுப்போக்கோ சளியோ வந்துபோன பின் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்குவது. "அப்புறம் எதுக்கு மேடம் மோஷன் டெஸ்ட்?" என்றேன். "நான் நினைக்கிறது கணக்கில்ல. லாப் சொல்லணும்" என்றார்.

போலியோ ஒரு சொட்டுக்கூட இல்லாத ஊரிலும், லட்சம் குழந்தைகளுக்கு ஒன்றாவது ஆண்டுதோறும் வேறு காரணங்களால் இப்படித் துவளும். இந்தியாவில் இந்த அளவுகோலை இரண்டாக உயர்த்தி வைத்திருந்தார்கள். ஒரு மாவட்டத்திலிருந்து ஒரு டப்பாகூட வரவில்லை என்றால் அங்கே நோய் இல்லை என்று அர்த்தமில்லை, யாரும் தேடவில்லை என்று அர்த்தம். எங்கள் ஆடிட்டில் ஒரு கிளையிலிருந்து வருஷம் முழுக்க ஒரு புகாரும் வரவில்லை என்றால் முதலில் அங்கே போய்ப் பார் என்பார்கள். அதே புத்தி.

சரி, டப்பா. விதிமுறைகளை அந்தப் பெரியவர் எங்களுக்கு ஒப்பித்தார். கட்டைவிரல் அளவு, அதாவது எட்டு கிராம். இரண்டு தடவை. இரண்டுக்கும் நடுவே 24 மணி நேரமாவது இருக்க வேண்டும். ஏனென்றால் வைரஸ் எல்லா நாளும் ஒரே மாதிரி வெளிவராது, ஒரு நாள் ஏமாற்றலாம். இரண்டும் கால் விழுந்த 14 நாளுக்குள். அதற்குப் பிறகு வைரஸ் குறைந்துகொண்டே போகும். மூத்திரமோ கக்கூஸ் தண்ணீரோ கலக்கக்கூடாது. எடுத்த நிமிஷத்திலிருந்து எட்டு டிகிரிக்குள் குளிர்ச்சி. மூன்று நாளுக்குள் ஆய்வகம்.

நீலப் பெட்டியைத் தங்கமணி அடையாளம் கண்டுபிடித்துவிட்டாள். சொட்டு மருந்து வரும் அதே பெட்டி! "ஐயோ, இதுலயா அதையும் கொண்டு போறீங்க?" பெரியவர் சிரித்துக்கொண்டே பக்கவாட்டில் எழுதியிருந்ததைக் காட்டினார். ஒருமுறை மலமாதிரிக்கு என்று ஒதுக்கிய பெட்டி மறுபடி மருந்துப் பக்கம் போகவே கூடாது. மருந்து மேலிருந்து கிராமத்துக்கு ஐஸில் இறங்குகிறது, மலம் கிராமத்திலிருந்து மேலே ஐஸில் ஏறுகிறது. தலைகீழ் குளிர்ச்சங்கிலி என்றே அதற்குப் பெயர்.

ஐஸ் ஏன் அவ்வளவு முக்கியம்? இங்கே ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். மலத்தைத் தூரத்து ஆய்வகத்துக்குக் கெடாமல் அனுப்புவது இந்தியாவில் புதிய தலைவலி இல்லை. காலராவுக்காக எப்போதோ ஆரம்பித்தது. ராபர்ட் கோக் 1884இல் கல்கத்தாவில் உட்கார்ந்து கஞ்சித் தண்ணீர் மாதிரிப் போகும் மலத்தில் காற்புள்ளி வடிவக் கிருமியைத் தேடியபோது நோயாளி பக்கத்திலேயே இருந்தார். எல்லா ஊரிலும் கோக் இருப்பாரா? கிராமத்தில் எடுத்த மாதிரி நகரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் குடலின் மற்ற கிருமிகள் பெருகி காலராக் கிருமியை அமுக்கிவிடும். 1941இல் வெங்கட்ராமன், ராமகிருஷ்ணன் என்று இரண்டு பேர் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் இதற்கு வழி எழுதினார்கள். ஒரு லிட்டர் வாலைவடிநீரில் 20 கிராம் கடல் உப்பு, 5 கிராம் பெப்டோன், கொஞ்சம் காரத்தன்மை. உப்பும் காரமும் காலராக் கிருமிக்குப் பிடிக்கும், மற்றவற்றுக்குப் பிடிக்காது. ஐஸே வேண்டாம். இன்றைக்கும் உலகப் பாடப்புத்தகங்களில் அது 'வி.ஆர். திரவம்'. அந்த இரண்டு எழுத்தும் இந்த இருவரின் பெயர் என்று அதை வாங்கும் எத்தனை பேருக்குத் தெரியுமோ! நம் வீட்டு ஊறுகாய் ஜாடி தத்துவம்தானே இது என்று எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

வைரஸுக்கு இந்த ஊறுகாய் வேலை நடக்காது. அது உடம்புக்கு வெளியே பெருகாது. இருப்பது அழியாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். வெயிலில் இரண்டு நாள் கிடந்த டப்பாவும் ஆய்வகத்தில் 'வைரஸ் இல்லை' என்றுதான் பதில் சொல்லும். நிஜமாகவே இல்லாத டப்பாவும் அதையேதான் சொல்லும். இரண்டு 'இல்லை'யையும் பிரித்துப் பார்க்க ஒரே வழி, பெட்டி திறக்கும்போது ஐஸ் மிச்சமிருக்கிறதா, டப்பா ஒழுகியிருக்கிறதா, காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது.

ஞாயிற்றுக்கிழமை முதல் டப்பா கிடைத்தது. இரண்டாவதுதான் வதைத்துவிட்டது. நரம்பு தளர்ந்ததில் வயிறும் நின்றுபோய் மலச்சிக்கல். திங்கள் இல்லை. செவ்வாய் இல்லை. பெரியவர் தினமும் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஐஸ் பேக் உருகும். போய் மாற்றிக்கொண்டு வருவார். நர்ஸ் மணிக்கொரு தரம் பையனின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார். பலவீனம் மேலேறி நெஞ்சுக்கு வந்துவிட்டால் டில்லிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு அந்த எண்ணிக்கை. பெரியவருக்கு நாள் எண்ணிக்கை: ஒன்பது, பத்து, பதினொன்று.

எங்கள் பக்கத்துக் கட்டிலில் பித்தளைப் பட்டறைத் தொழிலாளி ஒருவரின் பெண்குழந்தை. கால் விழுந்து எங்கெங்கோ காட்டி, மாலிஷ் போட்டு, பதினேழாம் நாள்தான் அங்கே வந்தார்கள். அவளிடமும் மாதிரி எடுத்தார் பெரியவர். எடுத்துவிட்டு என்னிடம், "இனிமே லாப் 'இல்லை'ன்னு சொன்னாலும் நம்ப முடியாது, சாஹப்" என்றார். அந்த மாதிரிக் குழந்தைகளை 60 நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். கால் அப்படியே இருந்தால் நிபுணர் குழு காகிதங்களை வைத்து முடிவு செய்யும். போலியோ என்றும் சொல்ல முடியாமல், இல்லை என்றும் சொல்ல முடியாமல் 'போலியோவாக இருக்கலாம்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பெண் எந்தப் பட்டியலுக்குப் போனாள் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை, பன்னிரண்டாம் நாள். அம்மா போனில் சொன்னபடி தங்கமணி உலர்திராட்சையை ஊறவைத்துப் பிழிந்து டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு கொடுத்தாள். சாயங்காலம் ஆறு மணிக்குப் பையன், "அம்மா, ரெண்டுக்கு" என்றான். வாழ்க்கையில் எத்தனையோ நல்ல செய்தி கேட்டிருக்கிறேன். இதற்கு இணையாக ஒன்றுதான் ஞாபகம் வருகிறது, பிரசவ வார்டு வாசலில் நர்ஸ் சொன்னது.

பெரியவர் முகத்தைச் சுளிக்கவில்லை. மூடியோடு இருந்த சின்னக் கரண்டியால் கட்டைவிரல் அளவு எடுத்தார். திருகி மூடினார். பெயர், தேதி, '2' என்று எழுதி ஒட்டினார். பிளாஸ்டிக் உறை, சுற்றிலும் ஐஸ், தனி உறையில் படிவம். எங்கள் சீட்டின் மூலையில் எண்ணை எழுதிக் கொடுத்தார். ராத்திரி ரயிலில் லக்னோவுக்குக் கிளம்பிவிட்டார். சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ நிறுவனத்தில்தான் உ.பி.க்கான போலியோ ஆய்வகம். ஜெனரல் பெட்டியில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் போவாராம். "யாராவது என்ன இருக்குன்னு கேட்டா?" என்றேன். "தவா" என்றார். மருந்து.

சில வாரம் கழித்துப் பதில் வந்தது. வைரஸ் இல்லை. அதற்குள் பையன் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்திருந்தான். தீபாவளிக்கு நாலு அடி. பொங்கலுக்கு ஓடினான்.

அப்போது எனக்கு அது வெறும் நிம்மதி. ஒன்றுமில்லாத டப்பா, ஆய்வகத்துக்கு வீண்வேலை என்றுதான் நினைத்தேன். பிறகு எண்ணிக்கைகளைப் பார்த்தேன். வைரஸ் அகப்பட்ட டப்பாக்கள் வழி காட்டின. மரபணு வரிசையை ஒப்பிட்டுத்தான் 2005இல் ஆப்பிரிக்காவின் அங்கோலாவுக்குப் போன போலியோ உத்தரப் பிரதேசத்திலிருந்து போனது என்று கண்டுபிடித்தார்கள். இரண்டாம் வகை வைரஸ் கடைசியாகத் தென்பட்டது 1999 அக்டோபரில், அலிகரில். 2009இல் நாட்டில் 741 கேஸ், உலகிலேயே அதிகம். 2010இல் 42. 2011 ஜனவரி 13இல் வங்காளத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒரு சின்னப் பெண்ணுக்குக் கால் துவண்டது. அதுவே கடைசி.

கடைசி என்று எப்படித் தெரிந்தது? அதற்குப் பிறகும் ஆண்டுக்கு ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளிடமிருந்து டப்பாக்கள் போய்க்கொண்டே இருந்தன. ஒரு லட்சத்துக்கும் மேல் 'இல்லை'கள், ஐஸ் உருகாமல். மூன்று வருஷம் அப்படிக் கொண்டுவந்து கொட்டிய பிறகுதான் 2014 மார்ச் 27இல் சான்றிதழ் கொடுத்தார்கள். டப்பாக்கள் நிற்கவில்லை. இன்றைக்கும் எடுக்கிறார்கள், சாக்கடை நீரையும் சோதிக்கிறார்கள். பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் காட்டு வைரஸ் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறதே.

அந்த மார்ச் மாதம் நாங்கள் நாக்பூரில் இருந்தோம். டிவியில் விழா, மாலை, கைதட்டல். சொட்டு மருந்து கொடுத்தவர்களைக் காட்டினார்கள், ரொம்ப நியாயம். நான் நீலப் பெட்டி ஒன்றாவது தெரிகிறதா என்று கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

சீட்டைப் போட்டோ எடுத்துப் பையனுக்கு அனுப்பினேன். இப்போது ஹைதராபாத்தில் வேலை, வாரக்கடைசியில் மாரத்தான் ஓடுகிறேன் பேர்வழி என்று கிளம்பிவிடுகிறான். கதை முழுவதையும் எழுதி, உன்னுடைய பங்கு ஒன்று மொராதாபாத்திலிருந்து லக்னோவுக்கு ராத்திரி ரயிலில் போயிருக்கிறது என்று சொன்னேன். ரெண்டு நிமிஷத்தில் பதில்:

"கன்ஃபர்ம்டா, ஆர்.ஏ.சி.யா?"